கடம் காயும்போதே விரிசல் விடுகிறது

கேள்வி (கோத்தகிரி):
தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்து, கச்சேரியில் தட்டி வாசிக்கும் மண்பானையான கடம் செய்து பழகுகிறேன். மூன்றும் காயும்போதே போய்விட்டன. விரிசல் எல்லாம் கழுத்துக்குக் கீழே, நகத்தால் கீறியதுபோல. ஜூலையில் இங்கே வெயிலே கிடையாது, அதனால் விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மிருதங்கம் படிக்கும் என் மகளுக்கு ஒன்றாவது கொடுத்துவிட வேண்டும்.

பதில் (மானாமதுரை):
அக்கா, அடுப்புச் சூடுதான் காரணம். வாய் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், வயிறு ஈரமாகவே இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் கிழிந்துவிடும். வாயை ஈரச் சாக்கால் மூடி நிழலில் விடுங்கள். நாங்கள் சக்கரத்தில் வனைந்த பிறகு உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் சுவரை ஒரே கனமாக்குவோம். நாதமே அதில்தான். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த கடம் எங்கள் ஊருடையது, அவசரப்படக் கூடாது.

பதில் (குன்னூர்):
செம்மண் மட்டும் போதாது, களிமண் கலந்து பாருங்கள். உங்கள் பக்கத்துக் கோத்தர் பழங்குடி ஊர்களில் பானை வனைவது பெண்கள்தான். போய்க் கேளுங்கள், மண்ணைத் தொட்டே சொல்வார்கள்.

கேட்டவர்:
சரி, நான்காவது சாக்குக்குள் 12 நாளாக இருக்கிறது. விரிசல் இல்லை! ஆனால் தட்டினால் தொப்பென்று கேட்கிறதே?

பதில் (மானாமதுரை):
சுடாத மண் அப்படித்தான். சுட்டால் கணீரென்று வரும். அதற்கு முன் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம், சூளையில் நீராவி கிளம்பி வெடித்துவிடும்.