குளம் இல்லாத இடத்தில் தவளை: நீங்கள் கண்டதுண்டா?

மட்டக்களப்பு, கல்லடி
நான் படுவான்கரையில் வளர்ந்தவள். மாரி தொடங்கினால் வயல் முழுக்கத் தவளைச் சத்தம்தான். வாய்க்காலில் வாற்பேத்தை (தலைப்பிரட்டை) பிடித்துப் போத்தலில் வளர்ப்போம். தவளை இருந்தால் பக்கத்தில் தண்ணி இருக்கும் என்றே நினைத்திருந்தேன், சிங்கராஜா மழைக்காட்டுக்குப் போகும் வரைக்கும்.

குடவ பக்கம் தங்கினோம். பின்னேரம் மழை விட்டதும் வழிகாட்டி அண்ணன் காட்டோரமாகக் கூட்டிப் போனார். ஒரு மரத்தில் டோர்ச் அடித்து "பாருங்க" என்றார். பாசி பிடித்த பட்டை மட்டும்தான் தெரிந்தது. அவர் பேசாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாசியில் ஒரு துண்டு துடித்தது. தொண்டை! பச்சையும் சாம்பலும் கலந்த சொரசொரத்த தோல், கட்டைவிரல் அளவு உடம்பு. சப்பாத்துக்குள் அட்டை ஏறினதுகூட எனக்குத் தெரியவில்லை.

சூடோஃபிலாட்டஸ் கேவிரோஸ்ட்ரிஸ் என்ற புதர்த்தவளையாம். இலங்கையில் மட்டும் உள்ளது, அழியும் ஆபத்தில் இருப்பது. இந்தப் புதர்த்தவளைகளுக்குக் குளமே தேவையில்லை. பெரும்பாலானவை ஈர மண்ணில் சின்னக் குழி தோண்டி முட்டையிட்டு, அந்த முட்டைகளை மண்ணோடு கலந்துவிடும். ஒன்றிரண்டு இனம் இலையின் அடியில் ஒட்டிவிடும். வாற்பேத்தைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே வருவது கைகால் முளைத்த குட்டித் தவளைதான்.

ஆகவே நிழல்தான் அதுக்குக் குளம். மரத்தைத் தறித்து வெயில் நிலத்தில் விழுந்தால், பக்கத்தில் ஆறே ஓடினாலும் முட்டை காய்ந்து போகும். தேயிலைக்கும் வேறு பயிர்களுக்கும் வெட்டி வெட்டி, இலங்கையின் மழை கூடிய தென்மேற்குப் பகுதியான ஈரவலயத்தில் மழைக்காடு இப்ப நூற்றுக்கு 5 பங்குகூட இல்லை. 1988இல் உலக மரபுரிமையான சிங்கராஜாதான் அதில் பெரிய மிச்சம். அந்தத் தொண்டைத் துடிப்பு இன்னும் என்ட கண்ணுக்குள்ள நிக்குது.

அம்பாறை
அக்கா, எங்கட பக்கமும் ஒரு ஆள் இருக்கு. நனோஃப்ரிஸ் நேயகை என்ற பாறைத்தவளை. 2007இல்தான் புது இனமாக விவரித்தார்கள். அம்பாறை, மொனராகலைப் பக்கம் உள்ளது. இங்கினியாகல பக்கம் நனைந்த பாறையில் ஒரு பாறைத்தவளையைக் கண்டேன். தட்டையாக அமுக்கி வைத்த மாதிரி உடம்பு. விரலைக் கிட்டக் கொண்டுபோனதும் வெடிப்புக்குள் வழுகிப் போயிற்று. இந்தப் பாறைத்தவளைகளின் வாற்பேத்தை குளத்தில் நீந்தாது; பாறைமேல் மெல்லிசாக வழியும் நீரில் ஒட்டிக்கொண்டே வளரும். மேலே ஊற்று நின்றால் அதுவும் போச்சு. பாறை உடைக்கிற சத்தம் கேட்டால் எனக்கு இப்ப இந்த நினைப்புத்தான் வருது.

அக்கரைப்பற்று
நான் விஞ்ஞான ஆசிரியர். தவளை வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகையில் எத்தனை வருசம் ஒரே மாதிரிக் கீறியிருப்பேன்! போன கிழமை பக்கத்திலே வாற்பேத்தை இல்லாத இன்னொரு வட்டமும் கீறினேன். 1853க்குப் பிறகு யாருமே காணாத நட்சத்திரப் புதர்த்தவளை 2009இல் சிவனொளிபாத மலைக்காட்டில் திரும்பக் கிடைத்த கதையையும் சொன்னேன். "சேர், அது இவ்வளவு காலமும் எங்க ஒளிச்சிருந்த?" என்று ஒரு பிள்ளை கேட்டது. காடு மிஞ்சின இடத்தில, என்றேன்.

மட்டக்களப்பு, கல்லடி
தம்பி, மாரிக்கு இங்கினியாகல வாறேன். அந்தப் பாறையைக் காட்டுங்க.