பிரான்மலைச் சுற்றுக்கு ட்யூப்லெஸ்ஸா, ட்யூபா?

(செம்மண்தடம், சங்கிலி, கலிங்கடிங்கிற பேர்ல மூணு சைக்கிள்காரங்க பேசிக்கிட்டது)

செம்மண்தடம்

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ல சைக்கிள்ல கிளம்பி கொள்ளுக்குடிப்பட்டி, சிங்கம்புணரி வழியா பிரான்மலை அடிவாரத்தைத் தொட்டு, தைலமரக்காடு, கண்மாய்க்கரைன்னு மண் தடத்துலயே திரும்புற சுற்றுக்கு என்ன டயர் போடணும்னு புதுசா வர்றவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. ட்யூபைக் கழட்டிட்டு ட்யூப்லெஸ்ஸுக்கு மாறுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

நம்ம பக்கத்து எதிரி மேடும் பள்ளமும் கிடையாது, முள்ளு. தரிசுலயும் ஒத்தையடிப் பாதை ஓரத்துலயும் படர்ந்து கிடக்குற நெருஞ்சி காய்ஞ்ச பிறகு அது மேல ஒரு தடவை உருட்டினாப் போதும், ஒரே டயர்ல பத்துப் பன்னெண்டு காய் ஒட்டிக்கும். ட்யூப் இருந்தா ஒவ்வொண்ணும் ஒரு பஞ்சர். ட்யூப் இல்லாம உள்ள சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்குற திரவம், இருந்தா, முள்ளைப் பிடுங்கி ஓட்டை கீழ வர்ற மாதிரி சக்கரத்தைச் சுத்திவிட்டா அரை நிமிஷத்துல அடைச்சுக்கும். 29 இன்ச் சக்கரத்துல 2.25 இன்ச் அகல டயருக்கு 100 முதல் 120 மில்லி ஊத்துங்க. 75 கிலோ ஆளுக்குக் காத்தழுத்தம் முன்னாடி 21, பின்னாடி 24 பிஎஸ்ஐ. அந்தக் காத்துக்குச் சரளைக்கல் மேல டயர் வழுக்காது, பிடிச்சு ஏறும்.

சங்கிலி

நெருஞ்சிக்கு நீங்க சொல்றது சரிதாண்ணே. ஆனா இந்தச் சுற்றுல பாதித் தூரம் சீமைக்கருவேலம். ஊர்க்காரங்க வேலி வெட்டி ஓரமாப் போட்ட கிளையில இருக்குற முள்ளு விரல் நீளம் வரும், இரும்பு மாதிரி விறைப்பு. அது டயரைத் துளைச்சு, காத்து போகாம ரிம்மோட உள்பக்கம் ஒட்டியிருக்குற ரிம் டேப்பையும் நேரா குத்திடும். டயர் ஓட்டையை சீலன்ட் அடைக்கும். டேப்புல விழுந்த ஓட்டைக்கு யாரு பொறுப்பு? காத்து ரிம்முக்குள்ள இறங்கி ஸ்போக் கம்பியை முடுக்குற நிப்பிள் வழியா கசிஞ்சுக்கிட்டே இருக்கும். வெளியில எங்க தேடினாலும் ஓட்டை கண்ணுல படாது.

அடுத்தது ரிம். இங்க ஓடுற ஆரம்ப விலை எம்டிபி (மலை சைக்கிள்) நிறையவற்றுல ரிம் ட்யூப்லெஸ் ரெடி, அதாவது ட்யூப் இல்லாம ஓட்டத் தோதானது, கிடையாது. டயர் விளிம்பைப் பிடிச்சு வைக்குற படி அதுல இருக்காது. 21 பிஎஸ்ஐயில ஒரு திருப்பத்துல சாஞ்சா பக்கவாட்டுல புஸ்ஸுன்னு காத்து போயி விளிம்பு கழண்டுக்கும். இதைச் சொல்லாம எல்லாரையும் மாறச் சொல்றது சரியில்ல.

கலிங்கடி

நடுவுல ஒரு விஷயம். ஐப்பசி, கார்த்திகையில கண்மாய்க்கரை மேல எந்த டயரும் வேண்டாம். கரை ஊறிக் கிடக்கும்போது சக்கரத்தடம் பதிஞ்சா அடுத்த மழைத் தண்ணி அந்தக் கோட்டுலயே அரிச்சு இறங்கும். பாசனக்காரங்க கோபப்படுறதுல நியாயம் இருக்கு. கொள்ளுக்குடிப்பட்டியில வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கு. பறவை கலையக்கூடாதுன்னு தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர் அது. கூடு கட்டுற பருவத்துல அங்க மட்டும் தார் ரோட்டோட போயிடுங்க. காப்புக்காடுன்னு பலகை இருக்குற இடத்துக்கு வனச்சரக அலுவலகத்துல அனுமதி வாங்காம நுழையாதீங்க. பிரான்மலை உச்சிக்குப் போற பாதை நடந்து போறவங்களுக்கானது, அடிவாரத்தோட நிறுத்திக்கிறதுதான் முறை.

செம்மண்தடம்

கலிங்கடி சொன்ன அத்தனையும் சரி.

சங்கிலி, கருவேல முள்ளு குத்தினா அதை அங்கேயே பிடுங்கக்கூடாது. டயர்லயே விட்டு வீடு வரைக்கும் ஓட்டிடலாம், முள்ளே அடைப்பு. டேப் குத்துப்படுறது பெரும்பாலும் டேப் ஒட்டின லட்சணத்தால. ரிம் உள் அகலத்தைவிட 2, 3 மில்லிமீட்டர் அகலமான டேப் வாங்கி, ரிம்மை ஆல்கஹால் வச்சுத் துடைச்சு, இழுத்துப் பிடிச்சு ரெண்டு சுத்து ஒட்டுங்க. ரெண்டாவது சுத்துக்குச் செலவு கம்மி, முள்ளுக்கு அது ஒரு கூடுதல் தடுப்பு. ரிம் விஷயத்துல உங்களோட ஒத்துப்போறேன். டயர், ரிம் ரெண்டுலயும் ட்யூப்லெஸ் ரெடின்னு இருந்தா மட்டும் மாறுங்க.

பெரிய கிழிசல்னா அதுல திணிக்குற ரப்பர் ப்ளக் இருக்கு. அதையும் மீறினா பையில ஒரு ட்யூப். அவ்வளவுதான்.

சங்கிலி

அந்த "பையில ஒரு ட்யூப்"லதான் நிறையப் பேர் மாட்டுறாங்க. ஆறு மாசம் ட்யூப்லெஸ்ஸா ஓடின டயரோட உள்பக்கத்தைத் தடவிப் பாருங்க. சீலன்ட் அடைச்ச ஒவ்வொரு இடத்துலயும் முள்ளு நுனி ஒடிஞ்சு ரப்பர்ல நின்னிருக்கும். ரப்பர் தோல் மூடினதால கண்ணுக்குத் தெரியாது. அதுக்குள்ள புது ட்யூபைப் போட்டுக் காத்தடிச்சா நூறு மீட்டர்ல அதுவும் போச்சு. அப்புறம் சிங்கம்புணரி வரைக்கும் தள்ளிக்கிட்டு நடக்கணும்.

ட்யூப் போட்டவருக்கு இந்தச் சிக்கல் வராது, ஏன்னா ஒவ்வொரு பஞ்சருக்கும் டயரைச் சோதிச்சுக்கிட்டே வர்றாரு. வெறும் விரலால தடவாதீங்க, கிழிச்சிடும். பஞ்சையோ பழைய பனியன் துணியையோ உள்ள வச்சு ஒரு முழுச் சுத்து தேய்ச்சா நுனி இருக்குற இடத்துல நூல் மாட்டும். வெளியிலிருந்து ப்ளையரால பிடிச்சு இழுங்க, வரலைன்னா உள்ளிருந்து தள்ளுங்க. ட்யூபை உப்புத்தாள் வச்சு ஒட்டுத்துண்டைவிடக் கொஞ்சம் பெரிசா உரசி, சொல்யூஷனை மெல்லிசாத் தடவி, பளபளப்பு போற வரைக்கும், அதாவது நாலஞ்சு நிமிஷம், காய விட்டு அப்புறம் ஒட்டுங்க. ஈரத்தோட ஒட்டினா வெயில்ல டயர் சூடேறினதும் பிரிஞ்சிடும். ஆரஞ்சு நிற டிபியூ ட்யூப் (ரப்பருக்குப் பதில் ஒரு வகை ப்ளாஸ்டிக்ல செஞ்சது) லேசா இருக்கேன்னு வாங்கிட்டுப் போறவங்க கவனிங்க, கடைச் சொல்யூஷன் அதுல பிடிக்காது. அதுக்குத் தனி ஒட்டு வேணும்.

சாதா ட்யூபுக்கு முள்ளுத் தடுப்பு வேணும்னா பழைய ட்யூபை வால்வ் பகுதியை வெட்டிப் போட்டுட்டு நீளவாக்குல கிழிச்சு, டயருக்கும் ட்யூபுக்கும் நடுவுல படுக்க வைங்க. முள்ளுத் தடுப்புக்குன்னு விக்குற ப்ளாஸ்டிக் பட்டையைவிட இது நல்லது. பட்டையோட ரெண்டு நுனி சேருற இடம் உரசி உரசி ட்யூபையே ஓட்டை போட்டுடும்.

கலிங்கடி

எடை கூடுமே? ட்யூப் ஒண்ணே 200 கிராமுக்கு மேல. கூட இன்னொரு ட்யூபையும் கிழிச்சுப் போட்டா?

சங்கிலி

கூடும். நடக்குறதுக்கு அது பரவாயில்ல.

செம்மண்தடம்

உள்ள நிக்குற முள்ளு நுனியைப் பத்தி சங்கிலி சொன்னது ட்யூப்லெஸ்காரங்க எல்லாரும் படிக்க வேண்டியது. சீலன்ட் ஊத்தறப்போ டயரை ஒரு பக்கம் பிரிச்சு துணி வச்சுத் தேய்க்கிறதையும் சேர்த்தே பண்ணணும்.

ட்யூபோட பலவீனத்தையும் நான் சொல்லணும். சங்கிலி சொல்ற செட்டப்புக்கு 30 பிஎஸ்ஐக்குக் கீழ இறங்க முடியாது. இந்தத் தடத்துல கண்மாய்த் தண்ணி வழியுற கலிங்கோட கல் விளிம்பு, வரத்துக்கால் மேல போட்ட சின்னப் பாலத்தோட சிமென்ட் மூலைன்னு மண்ணுக்கு மேல துருத்திக்கிட்டு நிக்குறது நிறைய. காத்து குறைவா இருக்குற ட்யூப் அங்க ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல நசுங்கி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கீறல் விழும். அதுக்குப் பயந்து 32 வச்சா சரளையில முன்சக்கரம் நழுவும். ட்யூப்லெஸ்ல நசுங்க ட்யூபே இல்ல.

சங்கிலி

ஒத்துக்கிறேன், சரளையில பிடிப்பு உங்களுக்குத்தான். பராமரிப்புக்கு வாங்க. நம்ம வெயிலுக்கு சீலன்ட் எத்தனை மாசம் திரவமா நிக்கும்?

செம்மண்தடம்

பங்குனியிலிருந்து ஆவணி வரைக்குமான வெயில்ல ஒரு தடவை ஊத்தினது ரெண்டு மாசம் நிக்கும்னு வச்சுக்கோங்க. தகரக் கொட்டகையில நிறுத்தினா அதுவும் சந்தேகம். சோதிக்கிறது சுலபம். வால்வைக் கீழ்ப்பக்கம், கடிகாரத்துல நாலு மணி இருக்குற இடத்துக்குக் கொண்டாந்து, காத்தை இறக்கி, வால்வுக்குள்ள திருகியிருக்குற 'கோர்' துண்டைக் கழட்டி, ஒரு கேபிள் டையை உள்ள விட்டு எடுங்க. ஈரம் ஒட்டலைன்னா 60 மில்லி ஊத்துங்க. லேடெக்ஸ் சீலன்ட் இருக்குற டயருக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் அடிக்காதீங்க, திரிஞ்சு கட்டியாயிடலாம்.

முதல் தடவை டயரை ரிம்ல உக்கார வைக்கத்தான் திண்டாடுவாங்க. கோரைக் கழட்டி வேகமா காத்து விடணும். ஆனா பெட்ரோல் பங்க் காத்துக்குப் போடுற பித்தளை அடாப்டர் அந்தக் கோர் மேலதான் ஏறும், கோரைக் கழட்டிட்டா அது உதவாது. கம்ப்ரசர் இல்லாதவங்களுக்கு ஒரு வழி: முதல்ல ட்யூபைப் போட்டுக் காத்தடிச்சு ஒரு ராத்திரி விடுங்க, ரெண்டு விளிம்பும் உக்காந்துக்கும். மறுநாள் ஒரு பக்கத்தை மட்டும் பிரிச்சு ட்யூபை உருவிட்டு ட்யூப்லெஸ் வால்வ் மாட்டி, விளிம்புல சோப்புத்தண்ணி தடவி அடிங்க. ஒரு பக்கம் ஏற்கெனவே உக்காந்திருக்கிறதால சாதாரணத் தரைப் பம்புக்கே டப் டப்னு ஏறிடும்.

சங்கிலி

ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை இவ்வளவும் செய்றவர்னா உங்க செட்டப் அவருக்கு. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊருக்கு வந்து எப்பவோ ஒரு தடவை சைக்கிளை எடுக்குறவருக்கு வேண்டவே வேண்டாம்ணே, காய்ஞ்ச சீலன்ட் வால்வையும் அடைச்சுக்கிட்டுக் காத்தே ஏறாது. அவர் ட்யூப் போட்டு 30 பிஎஸ்ஐ வச்சு, ரெண்டு உதிரி ட்யூப், ஒட்டுப்பெட்டி, சின்னப் பம்ப், ப்ளையர் எடுத்துக்கிட்டுப் போகட்டும்.

செம்மண்தடம்

ட்யூப்லெஸ்காரரும் ப்ளையர் எடுத்துக்கணும். வால்வ் நட்டைக் கையால மட்டும் முடுக்குங்க. முடுக்கி வச்சது சீலன்ட்ல ஒட்டிக்கிட்டா, நடுக்காட்டுல ட்யூப் போட வேண்டி வந்தாலும் ப்ளையர் இல்லாம அந்த வால்வ் கழண்டு வராது.