ஸ்ரீஹரிகோட்டா: வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் அனுபவங்கள்

கும்மிடிப்பூண்டிக்காரன்:

ஸ்ரீஹரிகோட்டா என்ற பெயரை நான் முதன்முதலில் விறகோடு சேர்த்துத்தான் கேட்டேன். என் தாத்தா பக்கிங்ஹாம் கால்வாயில் சரக்குப் படகு ஓட்டியவர். அந்தத் தீவின் காட்டில் வெட்டிய விறகை ஏற்றிக்கொண்டு, காற்று துணை செய்தால் பாய் விரித்தும், இல்லாவிட்டால் கரையில் இறங்கித் தோளில் கயிற்றை மாட்டி இழுத்தும், சென்னை விறகுத் தொட்டிகளுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்களாம். காட்டில் விறகு வெட்டியவர்களும், தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைத்தவர்களும் யானாதிப் பழங்குடியினர். 1969-இல் ஏவுதளத்துக்காக அந்தத் தீவு தேர்வு செய்யப்பட்டபோது ஏறத்தாழ 43,000 ஏக்கர் வேலிக்குள் போயிற்று. யானாதிகளில் பலர் தீவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கிழக்கே தடையற்ற கடல், பூமி சுழலும் திசையிலேயே ஏவுவதால் விநாடிக்கு 450 மீட்டர் அளவுக்குச் செலவின்றிக் கிடைக்கும் வேகம், ஆள் நடமாட்டம் குறைந்த நிலம் என்று தேர்வுக்கான காரணங்களைப் பாடநூல்கள் அடுக்கும். மூன்றாவது காரணத்தைப் படிக்கும்போதெல்லாம், அந்தக் காட்டில் தனக்குக் கஞ்சி ஊற்றியவர்களைத் தாத்தா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணியது எனக்கு நினைவுக்கு வரும்.

1971 அக்டோபர் 9 அன்று முதன்முதலாக அங்கிருந்து பறந்த ரோகிணி-125, வெறும் 125 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்ட ஆய்வு ராக்கெட். எங்கள் ஊரில் அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் கவனித்தது 1979 ஆகஸ்ட் 10 அன்றுதான். காலை எட்டு மணியளவில் பள்ளி மைதானத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். வடக்கே ஒரு வெள்ளைக் கோடு எழும்பியதும் தலைமையாசிரியர் கையோடு கொண்டு வந்திருந்த ஆரஞ்சு மிட்டாயை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். பிறகு வானொலிச் செய்தியைக் கேட்டபோதுதான், எஸ்.எல்.வி.-3 ஐந்து நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகப் பறந்து வங்காள விரிகுடாவில் விழுந்துவிட்டது தெரியவந்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்ததே காரணம் என்பதைப் பெரியவனான பிறகே படித்தேன். அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று, 35 கிலோ எடையுள்ள ரோகிணிச் செயற்கைக்கோளோடு அதே வகை ராக்கெட் மீண்டும் எழும்பியபோதும் நாங்கள் அதே வரிசையில் நின்றோம். தலைமையாசிரியரின் கையில் பொட்டலம் இருந்தது. ஆனால் வானொலி வெற்றியை உறுதிப்படுத்தும்வரை அவர் அதைப் பிரிக்கவே இல்லை. மிட்டாய் கைக்கு வந்தபோது சட்டைப் பையின் சூட்டில் இளகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நீங்கள் பார்த்தவற்றையும் எழுதுங்கள்.

மொட்டைமாடி:

நான் பெரம்பூர்க்காரன். சிறுவயதில் எங்கள் வீட்டு மொட்டைமாடியே எனக்குப் பார்வையாளர் மாடம். 2019 மார்ச்சு இறுதியில் பொதுமக்களுக்கென்று 5,000 பேர் அமரக்கூடிய மாடத்தைத் தீவில் திறந்தபோது, இனி அருகிலிருந்தே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்து, சந்திரயான்-2 புறப்பாட்டுக்கு இணையத்தில் பதிவு செய்துகொண்டேன். புறநகர் ரயிலில் சூலூர்பேட்டையில் இறங்கி, வேன் பிடித்து, புலிக்காட் ஏரியின் நடுவே செல்லும் சாலையில் போனோம். குளிர்காலத்தில் போனால் அந்தச் சாலையின் இருபுறமும் பூநாரைகள் கூட்டமாக நிற்பதைப் பார்க்கலாம் என்று ஓட்டுநர் சொன்னார். நாங்கள் போனது ஜூலையில்.

ஜூலை 15 அதிகாலை 2.51-க்குப் புறப்பாடு. நள்ளிரவு தாண்டியும் குழந்தைகள்கூடத் தூங்கவில்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் 56 நிமிடம் 24 விநாடியில் நின்றுவிட்டன. முதலில் எல்லோரும் திரையில்தான் கோளாறு என்று நினைத்தோம். தொழில்நுட்பக் காரணத்தால் ஏவுதல் ஒத்திவைக்கப்பட்டது என்று பிறகு அறிவித்தார்கள். எனக்குப் பக்கத்தில் நெல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, தெலுங்கில் பேரனிடம், சந்திரன் எங்கும் ஓடிவிடாது, கிளம்பு என்றார். ஒரு வாரம் கழித்து, ஜூலை 22 பிற்பகல் 2.43-க்கு அது வெற்றிகரமாகப் புறப்பட்டபோது எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அலுவலகத்தில் கைப்பேசியில் பார்த்தேன்.

2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 எழும்பியதை அதே மாடத்தில் அமர்ந்து பார்த்துக் கடனைத் தீர்த்துக்கொண்டேன். இந்த ராக்கெட்டில் முதலில் எரிவது இருபுறமும் உள்ள இரண்டு திட எரிபொருள் தூண்களே. நடுவில் இருக்கும் திரவ இயந்திரங்கள் ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்து வானத்தில்தான் உயிர்பெறும். அது தெரிந்திருந்தும், நெருப்பு கிளம்பியபோது ஓசையே இல்லாதது எனக்குத் திகைப்பாக இருந்தது. ராக்கெட் மரங்களுக்கு மேலே வந்து, கூட்டம் கைதட்டத் தொடங்கிய பிறகுதான் ஓசை வந்து சேர்ந்தது. மடியில் இருந்த எவர்சில்வர் டிபன் பெட்டியின் மூடி கிடுகிடுவென்று ஆடியது. அன்று வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் நான் சொன்னது அந்த மூடியைப் பற்றித்தான்.

ஏரிக்கரை:

மாடத்தில் இருந்தவருக்கு ஓசை சில விநாடிகள் தாமதமாக வந்திருக்கிறது. நாங்கள் பழவேற்காட்டில் இருக்கிறோம்; ஏவுமேடையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தெற்கே. எங்களுக்கு அது ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் பிந்தித்தான் வரும். நெருப்பு எழும்பி, முதல் அடுக்கு எரிந்து முடியும் தறுவாயில், தூரத்தில் யாரோ தகரக் கொட்டகையை இழுத்துக்கொண்டு போவது போல அடிவானத்திலிருந்து ஒரு உறுமல் கிளம்பும். அதற்காக நாங்கள் வேலையை நிறுத்துவதில்லை. ஆனால் 2010 கிறிஸ்துமஸ் அன்று நிறுத்தினோம்.

அன்று பிற்பகல் நான்கு மணி தாண்டி ஜி.எஸ்.எல்.வி. எப்06 புறப்பட்டது. பக்கத்து வீட்டில் கொடுத்த கேக்கைத் தின்றபடி தம்பியும் நானும் கரையில் நின்றோம். முக்கால் நிமிடம் எல்லாம் வழக்கம்போல இருந்தது. பிறகு கோடு வளைந்தது. ஒரு நிமிடத்தை ஒட்டி வெள்ளைப் புகை பந்தாகப் பருத்து, அதிலிருந்து சிலந்திக் கால்கள் போலப் பல கோடுகள் கடலை நோக்கி இறங்கின. அடுக்குகள் பிரிவது அப்படித்தான் இருக்கும் என்று தம்பி எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அப்போதுதான் உறுமல் வந்தது. வானத்தில் ராக்கெட் இல்லை. ஆனால் அது புறப்பட்ட ஓசை, எந்தக் குறையும் இல்லாமல், எப்போதும் வருவது போலவே வந்துகொண்டிருந்தது. பக்கவாட்டு இயந்திரங்களுக்கு ஆணைகளைக் கொண்டு செல்லும் இணைப்புகள் பறக்கும்போதே கழன்றுவிட்டதால் கட்டுப்பாட்டை இழந்தது என்றும், கரைக்கு ஆபத்து நேராதிருக்கத் தரையிலிருந்தே ஆணை கொடுத்துத் தகர்த்தார்கள் என்றும் மறுநாள் செய்தித்தாளில் படித்தோம். அந்த ஓசையைக் கேட்டபடி நின்ற அரை நிமிடத்தை நான் யாருக்கும் சரியாக விளக்கிச் சொன்னதில்லை.

மற்றபடி எங்களுக்கு அது ‘ராக்கெட் நாள்’, அவ்வளவே. அன்று கடலுக்குப் போகக்கூடாது. கழன்று விழும் பாகங்களுக்காகக் கடற்பரப்பை ஒதுக்கி வைப்பது நியாயமான பாதுகாப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏரியிலோ பாடு முறைப்படி ஊராருக்கு மாறி மாறித்தான் வலை விடும் நாள் கிடைக்கும்; கடல் இல்லாத நாளில் ஏரிக்குப் போய்விடலாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது போல அது எளிதன்று. ஏவுதல் ஒத்திவைக்கப்பட்டால் எங்களுக்கு நாள் இரண்டாகிறது. மொட்டைமாடி ஐயா அந்த ஜூலையில் ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தேதிகளைக் குறிப்பிட்டார். அந்த இரண்டையும் எங்கள் வீட்டிலும் நினைவில் வைத்திருக்கிறார்கள், வேறு காரணத்துக்காக.

தேரிமணல்:

ஏரிக்கரைச் சகோதரியின் பதிவை மணப்பாட்டிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு வடக்கே சற்றுத் தொலைவில் குலசேகரன்பட்டினம் இருக்கிறது. தசராவுக்கு வேடம் கட்டி வரும் கூட்டத்தாலும், பனங்காட்டாலும், கருப்பட்டியாலும் அறியப்பட்ட ஊர். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே இரண்டாவது ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். திட்டச் செலவு ஏறத்தாழ 986 கோடி ரூபாய். அன்றைக்கே ஆர்.எச்.-200 என்ற சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்றையும் ஏவினார்கள். நான் பார்த்த முதல் ராக்கெட் அதுதான். மெல்லிய புகைக்கோடு எழுந்தது. நான் கைப்பேசியைத் திருப்புவதற்குள் காற்று அதைக் கலைத்துவிட்டது.

எங்கள் ஊர் ஏன் என்று கேட்பவர்களுக்கு வரைபடத்தைப் பார்க்கச் சொல்வேன். வட, தென் துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றும் துருவச் சுற்றுப்பாதைக்குச் செல்ல ராக்கெட் தெற்கு நோக்கிப் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அப்படிப் போனால் வழியில் இலங்கை இருக்கிறது. எரிந்து கழலும் அடுக்குகள் அங்கே விழக்கூடாது என்பதால், பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்காகச் சென்று, இலங்கையைச் சுற்றிக்கொண்ட பிறகே தெற்கே திரும்புகிறது. இந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகிறது. பெரிய ராக்கெட் அதைத் தாங்கும்; 500 கிலோ சுமப்பதற்கென்றே வடிவமைத்த எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் கடலைத் தவிர எதுவும் இல்லை. ஆகவே கணக்கு சரிதான். ஸ்ரீஹரிகோட்டாவும் ஓய்ந்துவிடப் போவதில்லை. அங்கே மூன்றாவது ஏவுமேடைக்கு 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது, செலவு ஏறத்தாழ 3,985 கோடி.

எங்கள் ஊரில் இப்போது இரண்டே பேச்சு: நிலத்தின் விலை, பிள்ளைகளுக்கு வேலை. கடல் நாட்களைப் பற்றி அதிகம் பேசக் காணோம். சகோதரி, நாங்கள் இப்போதே கேட்டு வைக்க வேண்டியது என்ன?

ஏரிக்கரை:

அண்ணா, என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். அறிவிப்பு எத்தனை நாள் முன்பாக வரும், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை கடல் மூடியிருக்கும், ஏவுதல் தள்ளிப்போனால் இடைப்பட்ட நாட்களில் போகலாமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எங்கள் வீட்டில் அப்பா தினசரிக் காலண்டரில் ராக்கெட் நாட்களின் தாளைக் குப்பையில் போடாமல் ஒரு ஆணியில் குத்தி வைப்பார். 2025 ஜனவரி 29, ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதல் நடந்த நாளின் தாளும் அந்த ஆணியில்தான் இருக்கிறது. பின்புறத்தில் அன்றைய ஐஸ் கட்டிச் செலவை எழுதியிருக்கிறார். கேள்வி கேட்கப் போகும்போது கையில் அப்படி ஏதாவது இருப்பது நல்லது.

இன்னொன்று. ஏவுதல் முடிந்து கடல் திறந்ததும் தகவல் சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்டு, அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள். போகக்கூடாது என்று சொல்ல ஆள் வருவார். போகலாம் என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள்.