கால் இஞ்ச் கூட்டம் 🧵 (துண்டுத் துணி சேர்த்து மூணடுக்குப் போர்வை, அதாவது குவில்ட் தைக்கறவங்க குரூப்) புது வருஷத் திட்டம்

டிசம்பர் 30, இரவு 8:41

சுமதி: எல்லாரும் அடுத்த வருஷத் திட்டத்தை இங்க போடுங்க. ஒரு வரி போதும்.

பானு: பாதியில நிக்கிற குவில்ட் எல்லாத்தையும் முடிக்கணும். புதுத் துணி வாங்கவே கூடாது 🙏

ஜெயா ஆன்ட்டி: போன டிசம்பர்லயும் இதே வரிதான். மேல தள்ளிப் பாரு பானு.

பானு: 🙈

ஜெயா ஆன்ட்டி: "எல்லாத்தையும்"னு எழுதினா ஒண்ணும் நடக்காதும்மா. பையைத் திறந்து ஒவ்வொண்ணும் எந்த வேலையில நின்னு போச்சுன்னு எழுது. வெட்டினதோடயா, துண்டுகளைச் சேர்த்து பிளாக் தச்சதோடயா, பிளாக்கை எல்லாம் சேர்த்து மேலடுக்கு டாப் முடிச்சதோடயா, ஓரத்தைச் சுத்தி பட்டை வைக்கற பைண்டிங் மட்டும் பாக்கியா?

பானு: இருங்க ஆன்ட்டி

பானு: மொத்தம் 9. டாப் முடிஞ்சு மடிச்சு வெச்சது 6, வெறும் பிளாக் 2, பைண்டிங் பாக்கி 1.

ஜெயா ஆன்ட்டி: அப்ப உனக்குத் தையல்ல தகராறே இல்ல. டாப், நடுவுல பஞ்சு அடுக்கு பேட்டிங், அடித்துணின்னு மூணு அடுக்கையும் விரிச்சு ஊக்கு குத்துற இடத்துலதான் ஒவ்வொரு தடவையும் நிக்கற. ரெண்டு மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஊக்கு குத்தற நாள்னு வை. வருஷத்துக்கு 6. கணக்கு சரியா வருது.

நூர்ஜஹான்: குத்தி வெச்சா மட்டும் போதாது ஆன்ட்டி. நம்ம ஊர் ஈரக் காத்துல ஊக்கு மாசக்கணக்கா துணியிலயே இருந்தா துருக் கறை விழும், அது லேசுல போகாது. ஒண்ணைத் தச்சு ஊக்கை எடுத்துட்டுதான் அடுத்ததை விரிக்கணும்.

ஜெயா ஆன்ட்டி: ஆமா, அதையும் சேர்த்துக்கோ.

கல்பனா: அந்த "புதுத் துணி வாங்கக் கூடாது" எப்படி நடக்கும்? 6 டாப்புக்கும் அடித்துணி வேணுமே!

சுமதி: 😂 பானு, டாப் அளவு என்ன?

பானு: எல்லாம் சிங்கிள் கட்டில் அளவு, 60 x 80 இஞ்ச்.

கல்பனா: அடித்துணியும் பேட்டிங்கும் நாலு பக்கமும் 4 இஞ்ச் கூட இருக்கணும். அப்போ 68 x 88. பாப்ளின் 44 இஞ்ச் அகலம், ரெண்டு பக்கக் கரையையும் வெட்டினா 42தான் தேறும். 88 இஞ்ச் நீளத்துல ரெண்டு துண்டு, அதாவது 176 இஞ்ச், நாலரை மீட்டர். துவைச்சா நூத்துக்கு 3லேர்ந்து 5 சுருங்கும், அதனால 5 மீட்டர் வாங்கு. கரையை வெட்டாம ஜாயிண்ட் போடாத. அங்க நெசவு நெருக்கம், துவைச்சதும் அந்த ஜாயிண்ட் இழுத்துக்கும்.

நூர்ஜஹான்: காட்டன் புடவை இருந்தா அதுவே போதும். அஞ்சரை மீட்டர்ல ரெண்டு 88 தாராளமா வரும். வெளிச்சத்துல தூக்கிப் பாரு, கொசுவம் வர்ற இடமும் மடிப்பும் நைஞ்சிருந்தா அந்தப் பகுதியை விட்டுடு.

கல்பனா: பைண்டிங்குக்கு இரண்டரை இஞ்ச் பட்டை 8. சுத்தளவு 280, 7 பட்டை போட்டா 294 வரும்னு தோணும். ஆனா சாய்வா ஜாயிண்ட் போடறப்ப ஒவ்வொண்ணுக்கும் இரண்டரை இஞ்ச் போயிடும், கடைசி மூலையில பத்தாது. 60 செ.மீ. துணி எடு.

பானு: அப்போ "அடித்துணியும் பைண்டிங்கும் தவிர வேற வாங்கக் கூடாது"ன்னு மாத்திக்கறேன்

சுமதி: விரிக்கற விதத்தையும் யாராவது சொல்லுங்க. எல்லாரும் கோட்டை விடறது அங்கதான்.

ஜெயா ஆன்ட்டி: முதல்ல ஃபேனை நிறுத்து. தரையில அடித்துணியைத் தப்புப் பக்கம் மேல பார்க்க விரிச்சு, நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டு. விறைப்பா இருக்கணும், இழுபடக் கூடாது. ரொம்ப இழுத்து ஒட்டினா டேப்பை எடுத்ததும் சுருங்கும். தளர்வா விட்டா தைக்கறப்ப பின்பக்கம் மடிப்பு மடிப்பா விழும். மேல பேட்டிங், அதுமேல டாப். நடுவுலேர்ந்து வெளிய, 4 இஞ்சுக்கு ஒரு ஊக்கு. உன் கையை மூடி எங்க வெச்சாலும் ஒரு ஊக்கு தட்டுப்படணும்.

கல்பனா: மெஷின்ல தைக்கறப்ப வாக்கிங் ஃபுட் (அடுக்கெல்லாம் சேர்ந்து நகர வைக்கற பாதம்), தையல் நீளம் 3 மி.மீ., ஊசி அளவு 90/14. முதல் கோடு நடுவுல. எல்லாக் கோட்டையும் ஒரே திசையில ஓட்டு. ஒண்ணு மேலேர்ந்து, அடுத்தது கீழேர்ந்துன்னா ரெண்டுக்கும் நடுவுல துணி கோணிக்கும்.

டிசம்பர் 31, காலை 7:05

தேவி: ராத்திரி தூங்கிட்டேன். என் லிஸ்ட்ல 4 குவில்ட்டும் பிளாக்லயே நிக்குது. வரிசையாச் சேர்த்தா ஒண்ணுக்கொண்ணு அளவு ஒட்டலை.

கல்பனா: முதல்ல தையலுக்கு விடற கால் இஞ்ச் ஓரம் சரியா வருதான்னு சோதிச்சுப் பாரு. ஒன்றரை இஞ்ச் பட்டை மூணை வெட்டிச் சேர்த்து, அயர்ன் பண்ணி அள. நடுப் பட்டை சரியா 1 இஞ்ச் வரணும். குறைஞ்சா உன் கால் இஞ்ச் கொஞ்சம் பெருசு. மடிப்புக்கும் நூலுக்கும் இடம் போறதால கால் இஞ்சுக்கு ஒரு நூலிழை குறைவாத் தைக்கணும்.

தேவி: அவ்ளோ நுணுக்கமா? 1/16 இஞ்ச்தானே வித்தியாசம்

கல்பனா: ரெண்டு பக்கத் துணியும் இழக்கும், அதனால ஒரு தையலுக்கு 1/8. 8 பிளாக் வரிசையில 7 தையல், 7/8 இஞ்ச் போச்சு. பிளாக்குக்குள்ள போறது தனி.

தேவி: 😳

கல்பனா: உனக்கு ஜனவரி முழுக்க அந்த மூணு பட்டைதான்.

சுமதி: நான் சுங்குடித் துண்டெல்லாம் சேர்த்து ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். சாயம் போகாம இருக்க உப்பும் வினிகரும் போட்டு ஊற வெச்சா போதும்ல?

நூர்ஜஹான்: போதாது. கடையில வாங்கின துணியில சாயம் அதுல நிக்காது. வெள்ளை டம்ளர்ல சுடுதண்ணி, ரெண்டு சொட்டு சோப்பு, ஒரு சின்னத் துண்டு, அரை மணி நேரம். தண்ணி கலர் மாறினா துண்டை ஈரத்தோட வெள்ளைத் துணிக்கு நடுவுல வெச்சு அழுத்து. அதுலயும் ஒட்டினா வெள்ளையோட சேர்க்காத. சிவப்பும் நீலமும் கண்டிப்பாப் பாரு.

நூர்ஜஹான்: பானு, விரிக்க ஹாலே கிடைக்கலைன்னா ஒண்ணு கவந்திங்கற குவில்ட் முறையில பண்ணிப் பாரேன். வட கர்நாடகாவுல சித்தி (Siddi)ங்கற சமூகத்துப் பெண்கள் தைக்கறது. மூலையில ஆரம்பிச்சு ஓரமா உள்நோக்கிப் போகணும். துண்டை மடிச்சு வெச்சு, அடித்துணியோட சேர்த்து ஓட்டுத்தையல். டாப் தனி, பைண்டிங் தனி கிடையாது, மடியிலயே வெச்சுத் தைக்கலாம்.

ஜெயா ஆன்ட்டி: அந்த 6 முடியட்டும் நூர், இப்ப ஆசை காட்டாத 😄

பானு: ஆன்ட்டி, 4 இஞ்சுக்கு ஒண்ணுன்னா 60 x 80க்கு 300 ஊக்கு! என்கிட்ட 120தான் இருக்கு

ஜெயா ஆன்ட்டி: என் டப்பாவுல 200 இருக்கு. தச்சு முடிச்சதும் எண்ணித் திருப்பிக் குடுக்கணும்.