தூக்கத்தில் பல் கடிப்பவருக்கு எந்த நைட் கார்டு (night guard, தூங்கும்போது பல்லில் மாட்டும் உறை)?

என் கணவர் தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறார். வயது 41, திருச்சியில் இருக்கிறோம். தீபாவளிக்கு அப்புறம் ரொம்ப அதிகம். காலையில் தாடை இறுக்கம், நெற்றிப்பொட்டில் வலி. கடைவாய்ப் பல் ஒன்றின் விளிம்பே உடைந்துவிட்டது.

வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்தும் கார்டு தடிமனாக இருந்ததால் குமட்டல், தூக்கத்திலேயே துப்பிவிடுவார். அப்புறம் பல் மருத்துவர் அளவெடுத்து 2 மி.மீ. மென்மையான கார்டு செய்து கொடுத்தார். நன்றாகப் பொருந்தியது, ஆனால் சில மாதங்களிலேயே கடைவாய்ப் பக்கம் ஓட்டை. மெத்தென்று இருப்பதால் இன்னும் மெல்லுகிறாரோ என்று கவலையாக இருக்கிறது. சாயங்காலக் காபியையும் நிறுத்திப் பார்த்தாயிற்று.

இப்போது மருத்துவர் சொல்வது, முழுக்கக் கெட்டியான அக்ரிலிக் அல்லது உள்ளே மென்மையும் வெளியே கெட்டியுமான இரட்டை அடுக்கு. பலமாகக் கடிக்கிற, குமட்டலும் வருகிற ஒருவருக்கு இந்த இரண்டில் எது ஒத்துவந்தது?