ஏணியிலிருந்து விழுந்த ராக்கெட் நண்பர்: பணம் வேண்டாம் என்கிறார், எப்படி உதவுவது?

உலர்ஏரி எழுதியது:

வணக்கம். நான் தெற்குக் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். மொஹாவி பாலைவனத்தில் லூசர்ன் வறண்ட ஏரிக்குப் போய் ராக்கெட் விடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். இங்கே அமெரிக்காவில் பொழுதுபோக்காக ராக்கெட் செய்பவர்கள் நாலைந்து பேராவது இருக்கிறீர்கள் என்று தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், 61 வயது. வீட்டு மரத்தில் கிளை வெட்ட ஏணி போட்டு ஏறியவர் விழுந்துவிட்டார். இடது குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது, வலது மணிக்கட்டிலும் முறிவு. இரண்டிலும் பிளேட் வைத்திருக்கிறார்கள். காலை ஊன்ற மூன்று மாதம் ஆகலாமாம். ஊன்றுகோல் பிடிக்கவும் கை இல்லை என்பதுதான் கொடுமை. ராக்கெட்டில் அடிபட்டிருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கதை இருந்திருக்கும் என்று அவரே சிரிக்கிறார்.

சிரிப்பு வேறு, நிலைமை வேறு. வீட்டின் பின்புறம் ஒற்றை ஆளாக லேத் பட்டறை நடத்துகிறார். அவர் படுத்தால் பட்டறையும் படுத்தது. மெடிகேர் என்கிற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்க 65 ஆக வேண்டும். சொந்தமாக வாங்கிய காப்பீட்டில் முதல் சில ஆயிரம் டாலர் கையிலிருந்து கட்டித்தான் ஆக வேண்டும். சங்கத்தில் வசூல் செய்யலாம் என்றோம். "என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களில் பாதிப் பேருடைய ராக்கெட்டில் அவர் கடைந்த பாகம் ஏதாவது இருக்கும். மோட்டார் பிடிப்பு வளையமோ, அலுமினிய மூக்கு நுனியோ. காசு கேட்டால் "அடுத்த தடவை காபி வாங்கிக் கொடு" என்பதோடு சரி. என் பையன் சி6-5 என்கிற சின்ன மோட்டார் போட்டு விட்ட முதல் எஸ்டெஸ் கம்பெனி மாதிரி ராக்கெட்டில் துடுப்பு (அடிப்பக்க இறக்கை) கோணலாக இருந்ததைக் கண்டுபிடித்து, அங்கேயே மண்டிபோட்டு ஒட்டிக் கொடுத்தவர் அவர்தான். பையன் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

இப்போது குழுவில் இன்னொரு பேச்சு. அவர் லெவல் 3 சான்றுக்காக (இந்தப் பொழுதுபோக்கில் அதுதான் உச்சப் படி) ஒரு ராக்கெட் கட்டிக்கொண்டிருந்தார். 6 அங்குல ஃபைபர்கிளாஸ் குழாய், துடுப்புகள் ஒட்டியாகிவிட்டது, எலக்ட்ரானிக்ஸ் பெட்டி பாதியில் நிற்கிறது. (புதியவர்களுக்கு: மோட்டார் தரும் மொத்த உந்துதலை எழுத்தால் குறிப்பார்கள், ஒவ்வோர் எழுத்துக்கும் உச்ச வரம்பு இரட்டிப்பாகும். பிள்ளைகள் விடும் ஏ வகை அதிகபட்சம் 2.5 நியூட்டன்-நொடி. லெவல் 3 தொடங்குவது எம் வகையில், அது 5,120-க்கு மேல்.) அவருக்குத் தெரியாமல் நாமே அதைக் கட்டி முடித்து, ஆண்டு இறுதியில் அவர் கண்முன்னே விட்டுக் காட்டலாம் என்கிறார்கள். எல்லோரும் உற்சாகமாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏனோ நெருடுகிறது. நான் அதிகம் யோசிக்கிறேனா?

கருமருந்து எழுதியது:

தம்பி, நெருடுவது சரிதான். அந்த ராக்கெட்டை யாரும் தொட வேண்டாம்.

முதல் காரணம் விதி. சான்று தருகிற தேசிய ராக்கெட் சங்கங்கள் என்.ஏ.ஆர். ஆகட்டும் டிரிப்போலி ஆகட்டும், சான்றுக்கு விடுகிற ராக்கெட்டை விடுகிறவரே கட்டியிருக்க வேண்டும். லெவல் 3-க்கு வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஆராய்ந்து ஒப்புதல் தர மூத்தவர்கள் வேறு உண்டு. படிப்படியாகப் புகைப்படம் எடுத்து அவர்களிடம் காட்ட வேண்டும். நீங்கள் பாசத்தோடு நாலு பேர் சேர்ந்து முடித்துவைத்தால் அது நல்ல ராக்கெட்டாக இருக்கும், ஆனால் அவருடைய லெவல் 3 ராக்கெட்டாக இருக்காது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

விதியை விடுங்கள். மூன்று மாதம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் போகிற மனிதருக்கு, எழுந்ததும் செய்ய ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்பதே பெரிய பிடிமானம். அதைப் பிடுங்கிக்கொண்டு கைதட்டச் சொல்வீர்களா?

இன்னொன்று, இது அவசரம். அந்த எலக்ட்ரானிக்ஸ் பெட்டியில் சார்ஜ், அதாவது வெடிமருந்து, நிரப்பியிருக்கிறதா என்று உடனே அவரிடம் கேளுங்கள். லெவல் 3 என்றால் பாரசூட்டை வெளியே தள்ள ஒன்றுக்கு இரண்டாக ஆல்டிமீட்டர் (உயரம் அளக்கும் கருவி) இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி பேட்டரி, தனி ஈ-மேட்ச் (மின்சாரத்தால் பற்றும் தீக்குச்சி). பெட்டியின் இரு முனை மூடிகளிலும் சின்னக் கிண்ணங்கள் இருக்கும். அதில் சில கிராம் கருமருந்தைக் கொட்டி, ஈ-மேட்ச் தலையைப் புதைத்து, மேலே பஞ்சு வைத்து டேப் ஒட்டியிருப்போம். பார்த்தால் டேப் சுற்றிய மூடி மாதிரிதான் தெரியும். ராக்கெட் பழக்கமில்லாத ஒருவர் உதவி செய்கிறேன் என்று கராஜைச் சுத்தம் செய்யும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இது என்ன ஸ்க்ரூ என்று திருகினால், அதுதான் சுவிட்ச். கைவிரலும் கண்ணும் போவது வானத்தில் இல்லை, இப்படி மேசையில்தான். வீடியோ அழைப்பில் அவரிடம் வழி கேட்டு, விவரம் தெரிந்த ஒருவர் மட்டும், பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூடியின் வாய் யாரையும் பார்க்காமல் வைத்து முதலில் பேட்டரியைக் கழற்றட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

பணத்துக்கு வருகிறேன். பட்டறையில் ஆர்டர் எதுவும் பாதியில் நிற்கிறதா? ராக்கெட் சங்கத்தில் லேத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமலா இருப்பார்? ராக்கெட்டைக் கட்டத் துடிக்கிற கைகளை லேத் பக்கம் திருப்புங்கள். ஆர்டரை முடித்துக் கொடுத்தால் வருகிற காசு அவருடைய தொழில் காசு. வாடிக்கையாளரும் வேறு ஆளைத் தேடிப் போக மாட்டார்.

ஏவுதளத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சும்மா வேடிக்கை பார்க்க இல்லை, மைக் பிடித்து எண்ணிக்கை சொல்கிற மேசையில் உட்கார வையுங்கள். இடது கை ஒன்று போதும். நாங்கள் விஸ்கான்சினில் ரிச்சர்ட் போங் மைதானத்தில் விடுவோம். அங்கே முதுகு அறுவை முடிந்து வந்த ஒருவரை அப்படி உட்கார வைத்தோம். நாள் முழுக்க மைக்கை யாரிடமும் தரவில்லை மனுஷன், மதியச் சாப்பாடும் அங்கேயே.

பில்லிங்_அக்கா எழுதியது:

நான் ராக்கெட் ஆள் இல்லை, ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவில் வேலை. தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன்.

வசூல் பற்றி யோசிப்பதற்கு முன் பில்லைப் பாருங்கள். முதலில் வருகிற மொத்தத் தொகையைக் கண்டு பயந்து கிரெடிட் கார்டில் கட்டிவிட வேண்டாம் என்று அவர் வீட்டில் சொல்லிவையுங்கள். கார்டில் ஏறிவிட்டால் அது வங்கிக் கடன், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வரி வரிசையாகப் பிரித்த பில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் விளக்கத் தாளோடு ஒப்பிடுங்கள்.

லாப நோக்கற்ற ஆஸ்பத்திரி என்றால், நிதி உதவித் திட்டம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். கூட்டாட்சி வரிச் சட்டத்தின் 501(ஆர்) பிரிவு அது. வீட்டுக்கு வந்தபின் அனுப்பும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவில் மாநிலச் சட்டமும் தனியாக உண்டு: வருமானம் வறுமைக்கோட்டின் 400 சதவீதத்துக்குள் இருந்தால் சலுகைக்குக் கேட்கலாம். பட்டறை மூடியிருக்கிறதே, இப்போதைய வருமானத்தைக் காட்டச் சொல்லுங்கள், போன வருடத்தை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிட வேண்டாம். நிறையப் பேர் "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்" என்று படிவத்தையே வாங்குவதில்லை. அந்தக் கூச்சத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

வசூல் செய்தே ஆக வேண்டுமென்றால், கோஃபண்ட்மீ என்கிற இணைய வசூல் தளத்தில் ஒவ்வொரு நன்கொடையிலும் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் போய்விடும். சின்னச் சின்னத் தொகையாக நூறு பேர் தந்தால் அந்த 30 சென்ட் உறைக்கும். தெரிந்தவர்களுக்குள் என்றால் காசோலையே போதும். பயனாளி என்று அவர் பெயரையே போடுங்கள், உங்கள் கணக்கு வழியாகப் போக விடாதீர்கள். வரிவிலக்கு கிடைக்கும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், ஒரு தனி மனிதருக்கென்று தருவதற்கு அது கிடையாது.

கருமருந்து எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்று. சங்கத்தில் காப்பீடு இருக்கிறதே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அது நம்மால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. வீட்டில் ஏணியிலிருந்து விழுந்ததற்கு அங்கே ஒன்றும் பெயராது. அந்தப் பேச்சில் ஒரு வாரம் ஓட்டிவிடாதீர்கள்.

பேராவூரணிக்காரன் எழுதியது:

அண்ணே, நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தண்ணீர் ராக்கெட் விடுகிற ஆள், உங்கள் எம் மோட்டாரெல்லாம் கதையாகத்தான் கேட்கிறேன். ஆனால் காசு வாங்கக் கூச்சப்படுகிற ஆளை எங்கள் பக்கத்தில் எப்படி வழிக்குக் கொண்டுவருவார்கள் என்று தெரியும். இங்கே ஆடி, ஆவணியில் மொய்விருந்து. கறிச்சோறு போட்டுவிட்டு, வருகிறவர் தருகிற ஒவ்வொரு ரூபாயையும் நோட்டில் எழுதுவார்கள். வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியதில்லை, ஏனென்றால் முன்னால் அவர் செய்தது திரும்பி வருகிறது, இல்லை இனிமேல் அவர் செய்யப் போகிறார்.

உங்கள் ஆள் ஏற்கெனவே ஊரெல்லாம் மொய் எழுதிவிட்டார். நோட்டு மட்டும்தான் போடவில்லை. நீங்கள் போடுங்கள். யார் யாருக்கு என்ன கடைந்து கொடுத்தார் என்று ஆளுக்கொரு வரி எழுதி, கடையில் வாங்கியிருந்தால் என்ன விலையோ அதைப் பக்கத்தில் போட்டு அவரிடம் கொடுங்கள். உதவி என்ற வார்த்தையே வர வேண்டாம்.

உலர்ஏரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

கருமருந்து அண்ணன் சொன்னதைக் குழுவில் மொழிபெயர்த்துப் போட்டேன். விதி என்றதும் பாதிப் பேர் அடங்கிவிட்டார்கள். மீதிப் பேருக்கு அவரிடமே கேட்டுவிடலாம் என்றேன். கேட்டோம். "என் ராக்கெட்டில் எவனாவது எபாக்சிப் பசை தடவினால் நாற்காலியோடு வந்து ஏறுவேன்" என்றார். அத்தோடு முடிந்தது.

எலக்ட்ரானிக்ஸ் பெட்டியில் ஒரு பக்க மூடியில் சார்ஜ் நிரப்பியே இருந்தது. பாரசூட் வெளியே வருகிறதா என்று தரையில் சோதிக்க வைத்தாராம், மறுநாள் காலைதான் ஏணி. பேட்டரி மாட்டவில்லை, ஆனாலும் அந்தப் பெட்டி இருந்த மேசைமேல்தான் அவர் பேரன் கிரேயான் பெட்டியை வைத்திருக்கிறான். லெவல் 3 முடித்த ஒருவர் அதை வெளியே எடுத்துப் போய்ப் பிரித்தார்.

மொய் நோட்டு யோசனையை எங்கள் ஆட்களுக்குப் புரியவைக்க கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் விடவில்லை. 2011-இல் கடைந்து தந்த வளையத்துக்கெல்லாம் ஒருவர் விலை போட்டிருந்தார். மூத்தவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, மூன்று இடத்தில் விலை அதிகம் என்று பென்சிலால் அடித்துத் திருத்தினார். இடது கையெழுத்து, கோணல்மாணலாக. திருத்திய தொகைக்கு அவர் மனைவி காசோலைகளை வாங்கிக்கொண்டார். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், நாங்களும் வேறு ஏதோ பேசினோம்.

பட்டறைதான் உண்மையில் தூக்கி நிறுத்தியது. எங்களில் ஒருவர் விமான பாகத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். சனிக்கிழமைகளில் போய் நின்றுபோன ஆர்டர்களை முடிக்கிறார். இவர் சக்கர நாற்காலியில் பக்கத்திலேயே உட்கார்ந்து, சுருள் எந்த நிறத்தில் வருகிறது, சத்தம் ஏன் மாறுகிறது என்று நச்சரிக்கிறார். முப்பது வருடம் லேத் ஓட்டிய ஆளிடமே "அவ்வளவு ஆழமாக வெட்டாதே" என்கிறார். போன வாரம் அந்த நண்பர் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரிப் படிவம் போட்டாயிற்று, அக்கா. இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் உங்களைத்தான் கேட்பேன்.

இந்த மாத ஏவுதலில் மைக் அவர் கையில். வறண்ட ஏரித் தரை கெட்டி, மழை இல்லாவிட்டால் சக்கர நாற்காலி வீட்டுத் தரையைவிட நன்றாக உருளும். காற்றுதான் மதியத்துக்கு மேல் எழும்பிவிட்டது, மணிக்கு 20 மைலைத் தாண்டியதும் நிறுத்தச் சொன்னதும் அவர்தான். வரிசையில் நின்றிருந்த என் பையனுக்கு அதில் கோபம்.

இப்போது புதுப் பிரச்சினை. வலது கைக் கட்டு பிரித்துவிட்டார்கள், பிடிமானம் இன்னும் வரவில்லை. துடுப்பு ஒட்டிய இடத்தில் எபாக்சியைத் தேய்த்து மழமழப்பாக்குகிற வேலையை இடது கையாலேயே ஆரம்பிக்கப் போகிறேன் என்கிறார். 6 அங்குலக் குழாயை ஒற்றைக் கையால் எப்படிப் பிடித்துக்கொண்டு தேய்ப்பது? யாராவது செய்திருக்கிறீர்களா?

கருமருந்து எழுதியது:

குழாயைப் பிடிக்கவே கூடாது. இரண்டு மரப்பலகையில் அரைவட்டமாக வெட்டி, உள்ளே பழைய கம்பளத் துண்டு ஒட்டி, மேசையோடு கிளாம்ப் போடுங்கள். குழாயை அதில் கிடத்தி மேலே ஒரு பட்டை பெல்ட். துடுப்பைத் திருப்ப வேண்டும்போது பெல்ட்டைத் தளர்த்தினால் போதும், அதற்கு இடது கை தாராளம். இந்த மரத் தொட்டிலை நீங்கள் செய்து கொடுக்கலாம், அது ராக்கெட்டில் சேராது. மேசை உயரத்தை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், ஃபைபர்கிளாஸ் தூசி பறக்காது. முகமூடி கட்டாயம். தேய்ப்பதற்கு முன் கை பார்க்கிற தெரபிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும், இடது கையில் செய்கிறேன் என்று ஆரம்பித்து ஐந்தாவது நிமிடம் வலது கை தானாக வந்துவிடும்.