மறு: சிப்மங்க், தரையணில் – கலைச்சொல் தேவை

> தரையில் வாழ்வதைத் 'தரையணில்' என்றும் சிப்மங்கை 'வரியணில்' என்றும் வைத்துக்கொண்டால் முடிந்ததே?

சிப்மங்க் (chipmunk) என்ற வரியுள்ள சிறு அணிலுக்கும், ground squirrel என்பதற்கும் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். பின்னதற்குத் 'தரையணில்' சரி ஐயா, எனக்கும் உடன்பாடே. 'வரியணில்'தான் இடிக்கிறது. இந்தியாவின் சாதாரண அணிலுக்கே முதுகில் மூன்று வெள்ளை வரி. படிப்பவர் மனத்தில் முதலில் வந்து நிற்பது அதுதான். போதாக்குறைக்கு, தரையணில்களிலும் சிலவற்றுக்கு முதுகில் வரி உண்டு. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில், தலையும் தோளும் செம்பொன் நிறமான ஒரு தரையணில் இருக்கிறது. அதைப் பார்த்துச் சிப்மங்க் என்று எழுதிவைப்பவர்கள் ஏராளம். விலாவில் பக்கத்துக்கு ஒரு வெள்ளை வரி, அதன் இரு கரையிலும் கறுப்பு. ஆனால் வரி தோளோடு நின்றுவிடும். முகத்தில் கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம் மட்டும்தான். சிப்மங்குக்கோ கன்னத்திலும் வரி. கண்ணை ஒட்டி மூக்குப் பக்கம் வரை ஓடும். நடுமுதுகிலும் ஒரு கருவரி உண்டு, அந்தத் தரையணிலுக்கு அது கிடையாது.

> உருவத்தை வைத்துப் பிரிக்கலாமே?

அருகருகே நின்றால் பிரிக்கலாம். அந்தப் பகுதிச் சிப்மங்குகள் பெரும்பாலும் 100 கிராமுக்குள். தரையணில் 200 கிராமையும் தொடும். பாறைமேல் ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தால் எதை வைத்து அளப்பது? 'பையணில்' என்ற யோசனையும் உதவாது, இரண்டுமே கன்னப்பையில் தீனி அடைப்பவை. வளை தோண்டுவதும் அப்படியே.

ஆக, சிப்மங்கின் பெயரில் முகம் வந்தாக வேண்டும். 'முகவரியணில்' என்று போடலாம், அப்புறம் தபால்காரர் தேடி வருவார்! அதனால் என் பரிந்துரை 'கன்னவரியணில்'. களத்தில் நிற்பவர் எங்கே பார்க்க வேண்டும் என்பதைப் பெயரே காட்டிவிடும்.

புல்வெளிகளில் இன்னொன்று உண்டு: முதுகில் வெளிர், கரு என மாறி மாறிப் பதின்மூன்று வரிகள், கருவரிகளுக்குள் வெளிர்புள்ளிகள் வரிசையாக. கன்னத்தில் வரி இல்லை. அது 'பதின்மூவரித் தரையணில்'. இதில் யாருக்கும் தகராறு இருக்காது என்று நினைக்கிறேன்.

மிச்சம் அந்தச் செம்பொன் தோள்காரர். புணர்ச்சி சேர்த்தால் 'பொற்றோள் தரையணில்', விட்டால் 'பொன்தோள் தரையணில்'. என் ஓட்டு பின்னதற்கு. 'பொற்றோள்' என்று பார்த்ததும் இன்று எத்தனை பேருக்குத் தோள் தெரியும்? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.